ஸ்கானில் பிள்ளைக்குக் குறை என்று சொல்லிவிட்டார்கள்: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஏதோ குறை என்று ஸ்கானில் தெரியவந்த தாய் தகப்பனோடு இருந்து கதைப்பது என் வேலை. யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை என்று சொல்வோம். மருந்து எழுதுவதும் சிகிச்சை சொல்வதும் டொக்டரின் வேலை. ஆனால் டொக்டரின் அறைக்குள் கேட்க வாய் வராமல், வெளியே வந்து வாங்கில் இருந்துகொண்டு கேட்கும் கேள்விகள் எங்களிடம்தான் வரும். பருத்தித்துறையிலிருந்து வருகிறவர்களும் சரி, நெடுந்தீவிலிருந்து விடியப் படகேறி வருகிறவர்களும் சரி, கேட்பது கிட்டத்தட்ட ஒன்றையேதான். அதனால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

“குறை இருக்கு” என்று சொன்னதுக்குப் பிறகு டொக்டர் சொன்ன ஒன்றும் காதில் ஏறவில்லை. இப்ப என்ன செய்யிறது?

யாருக்கும் ஏறாது. அந்த ஒரு சொல்லோடு காது அடைத்துப் போய்விடும். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே இதில் கிடையாது, வைத்தியசாலையில் வேலை செய்கிறவர்களே அப்படித்தான் இருந்துவிட்டு வருவார்கள்.

எங்கள் கிளினிக்குகளில் பெரும்பாலும் தாய் தனியே உள்ளே இருப்பாள், தகப்பன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வெளியே நிற்பார். உள்ளே சொன்னதில் அவளுக்குப் பாதிதான் விளங்கியிருக்கும், அதிலும் பாதியைத்தான் அழுதழுது அவரிடம் சொல்வாள், அவர் அதைப் போனில் தன் அம்மாவிடம் சொல்லும்போது இன்னும் குறைந்துவிடும். வீடு போய்ச் சேரும் நேரம் “இதயத்தில் சின்ன ஓட்டை” என்பது “பிள்ளைக்கு இதயமே இல்லையாம்” என்று ஆகியிருக்கும்.

ஆகவே முதல் வேலை, இன்னொருமுறை இருவரும் ஒன்றாகப் போய் டொக்டரைச் சந்திக்க நேரம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, வெட்கப்பட ஒன்றுமில்லை. போகும்போது ஒரு கொப்பி கொண்டுபோங்கள். குறையின் பெயரை டொக்டரைக் கொண்டே அதில் எழுதுவியுங்கள், ஏனென்றால் “மூளையில் தண்ணி”, “முள்ளந்தண்டில பிரச்சினை” என்பவை பெயர்கள் அல்ல, ஒவ்வொன்றுக்குள்ளும் பத்து விதமான நிலைமை இருக்கிறது, சில லேசானவை, சில மிகப் பாரதூரமானவை. பெயர் கையில் இருந்தால் இதைக் கேளுங்கள்: இந்த ஒரு குறை மட்டும்தானா, வேறும் இருக்கிறதா? இது உறுதியா, இல்லை இன்னொரு பரிசோதனை வேணுமா? பிள்ளை பிறந்த முதல் நாள் என்ன நடக்கும்? எங்கே பிறப்பது நல்லது? இப்போதைக்குச் சொல்ல முடியாதது எது? கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். நல்ல டொக்டர் அதற்கு ஒளிக்காமல் பதில் சொல்வார்.

அப்புறம், அன்றைக்கு இரவே எந்த முடிவும் எடுக்கவேண்டாம். உடனடி ஆபத்து என்று டொக்டர் சொன்னாலொழிய, சில நாள் பொறுப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது.

ஸ்கான் பிழைக்கிறதும் உண்டுதானே?

உண்டு, ஆனால் எதில் பிழைக்கும் என்று விளங்கிக்கொள்ள வேண்டும். உறுப்புகளை விரிவாகப் பார்க்கும் ஸ்கான் 18 முதல் 22 வாரத்துக்குள் செய்வது. பிள்ளை எப்படிக் கிடக்கிறது, தாயின் வயிற்றுச் சதை எவ்வளவு, மெஷின் எப்படி, பார்ப்பவரின் பழக்கம் எப்படி என்பதையெல்லாம் பொறுத்து அதில் தெரிவது கூடும், குறையும். மண்டை ஓடு உருவாகாதது, வயிற்றுச் சுவர் மூடாமல் குடல் வெளியே கிடப்பது போன்றவை கண்ணுக்கு நேரே தெரிபவை, அவற்றில் பிழை வருவது அரிது.

இன்னொரு வகை, குறையே அல்லாத அடையாளங்கள். மூளையில் சின்ன நீர்க்கட்டி, இதயத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, சிறுநீரகம் கொஞ்சம் வீங்கியிருப்பது. சுகமான பிள்ளைகள் பலரிடமும் இவை காணப்படுகின்றன, அந்த நீர்க்கட்டி பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். ரிப்போட்டில் இருக்கும் ஒரு இங்கிலீஷ் சொல்லைப் போனில் தேடிப் பார்த்துவிட்டு விடியும்வரை அழுகிற தாய்மாரில் கனபேருக்கு இருப்பது இதுதான்.

கர்ப்பத்தில் குறைகளைப் பார்ப்பதில் பழக்கமுள்ள ஒரு நிபுணரிடம் இரண்டாவது ஸ்கான் செய்வது நியாயம். ஆனால் “ஒன்றும் இல்லை” என்று யாராவது ஒருவர் சொல்லும்வரை ஸ்கான் நிலையம் நிலையமாக ஏறி இறங்குவதை மட்டும் செய்யாதீர்கள். காசும் போய், நாளும் போய், கையில் ஒன்றுக்கொன்று ஒத்துவராத நாலு ரிப்போட்தான் மிஞ்சும்.

நான் என்ன பிழை விட்டேன்? கிரகணத்தில வெளியே போனதாலயா? அன்னாசி சாப்பிட்டதாலயா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுப்பது. நேரே சொல்கிறேன்: நீங்கள் சாப்பிட்டதாலோ, கிரகணத்தில் கத்தி பிடித்ததாலோ, வயிற்றில் பிள்ளை இருக்கும்போது செத்தவீட்டுக்குப் போனதாலோ, யாருடைய கண்ணூறாவது பட்டதாலோ இது வரவில்லை.

உடம்பு உருவாகும் கணக்கைப் பாருங்கள். மூளையும் முள்ளந்தண்டும் ஆகப்போகும் குழாய் கரு தரித்து 28 நாளுக்குள் மூடிவிடும். மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறதே என்று நீங்கள் யோசிக்கத் தொடங்கும் காலம் அது. மேலுதடு ஏழாம் வாரத்துக்குள் ஒட்டிவிடும். இதயத்தின் அறைகள் எட்டாம் வாரமளவில் பிரிந்துவிடும். ஐந்தாம் மாதம் நீங்கள் சாப்பிட்ட பப்பாசித் துண்டு முன்னமே உருவான உதட்டைப் போய்ப் பிளக்காது. கிரகணத்தையும் சொல்லவேண்டும். 2010 ஜனவரி 15 இலும் 2019 டிசம்பர் 26 இலும் யாழ்ப்பாணத்துக்கு மேலேயே கங்கண சூரிய கிரகணம் வந்தது. உதட்டுப் பிளவோடு பிள்ளைகள் அந்த வருடங்களிலும் பிறந்தார்கள், கிரகணமே இல்லாத வருடங்களிலும் பிறக்கிறார்கள்.

உலகம் முழுக்க எடுத்தால் நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் ஏதோ ஒரு பெரிய குறையோடு பிறக்கிறார்கள். அதில் பெரும்பகுதிக்குக் காரணம் இன்னதென்று கண்டுபிடிக்கவே முடிவதில்லை. காரணம் தெரிந்தவற்றில், கர்ப்பத்துக்கு முன்னமே இருந்து கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை வியாதி ஒன்று, வலிப்புக்குக் குடிக்கும் சோடியம் வல்ப்ரோயேற் போன்ற சில மருந்துகள் இன்னொன்று. (வலிப்பு மருந்து எடுப்பவர்கள் இதை வாசித்துவிட்டுத் தாங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் அதைவிட ஆபத்து. டொக்டரிடம் கேட்டுத்தான் மாற்றவேண்டும்.) இவற்றிலும்கூட, தெரியாமல் நடந்ததற்கு ஒரு பெண்ணைக் குற்றவாளி ஆக்குவதில் எந்த நியாயமும் இல்லை.

வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்கு ஒன்று: “அப்பவே சொன்னனான்” என்று ஒரு வசனம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். அந்த ஒரு வசனத்தை வருடக்கணக்காக மனதில் சுமக்கிற பெண்களை எனக்குத் தெரியும்.

நாங்கள் மச்சான் மச்சாள். அதாலயா?

சில குறைகளுக்கு அதுவும் காரணமாகலாம், எல்லாவற்றுக்கும் இல்லை. சொந்த மச்சானைக் கட்டியவர்களுக்கு அந்த இரண்டு மூன்று வீதம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அப்படிப் பார்த்தாலும் நூறில் தொண்ணூற்று நாலுக்கு மேல் சுகமான பிள்ளைகள்தான். இரண்டு குடும்பத்திலும் முன்னர் இப்படிப் பிள்ளைகள் பிறந்து இறந்திருந்தால் மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். கலியாணப் பேச்சில் மறைத்த விசயங்கள்தான் இந்த இடத்தில் உதவும்.

இரத்தத்தில் பார்த்துவிட்டு “டவுன் சின்ட்ரோம் இருக்க 150 இல் ஒரு வாய்ப்பு” என்கிறார்கள். பிள்ளைக்கு அது இருக்கா, இல்லையா?

அந்தப் பரிசோதனைக்கு அது தெரியாது. உங்களைப் போல இதே இலக்கம் வந்த 150 தாய்மாரை வரிசையில் நிறுத்தினால் ஒருவரின் பிள்ளைக்கு இருக்கும், 149 பேரின் பிள்ளைகளுக்கு இருக்காது. அவ்வளவுதான் அதன் பொருள்.

தாயின் இரத்தத்தில் பிள்ளையின் மரபணுத் துணுக்கைப் பார்க்கும் புதிய பரிசோதனை ஒன்றும் இருக்கிறது. பத்தாம் வாரத்திலிருந்து செய்யலாம், தனியாரில் காசு கட்டிச் செய்யவேண்டும், டவுனைப் பொறுத்தவரை மிகத் திருத்தமானது. ஆனாலும் அதுவும் வாய்ப்பைத்தான் சொல்கிறது. உறுதியாகச் சொல்வது, 15 வாரத்துக்குப் பிறகு மெல்லிய ஊசியால் பன்னீர்க்குட நீரை எடுத்துப் பார்ப்பதுதான். அதனால் கரு கலையும் ஆபத்து நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. செய்யத்தான் வேண்டுமா? தெரிந்தால் நாங்கள் என்ன செய்வோம் என்று கணவனும் மனைவியும் முதலில் கதைத்துப் பாருங்கள். சிலர் ஆயத்தமாவதற்காகத் தெரிந்துகொள்ள விரும்புவார்கள், சிலர் எப்படியும் எங்கள் பிள்ளைதானே, ஊசி வேண்டாம் என்பார்கள். இரண்டும் சரியான பதில்கள்.

டவுன் என்றால், மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் 46 க்குப் பதில் 47, அதாவது 21 ஆவது ஒன்று கூடுதலாக இருப்பது. இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்கு இதயத்திலும் குறை இருக்கும் என்பதால் இதயத்தைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். நடப்பார்கள், கதைப்பார்கள், பள்ளிக்கூடம் போவார்கள், எல்லாம் கொஞ்சம் பிந்தி. எவ்வளவு பிந்தும் என்று ஸ்கானும் சொல்லாது, ஊசியும் சொல்லாது.

உதட்டுப் பிளவு என்கிறார்கள். பிள்ளை எப்படிப் பால் குடிக்கும்?

இதைக் கேட்கும் தாய்மாரிடம் எனக்குப் பெரிய மரியாதை, ஏனென்றால் முகம் எப்படி இருக்கும் என்பதை விட்டுவிட்டுப் பசியைப் பற்றிக் கேட்கிறார்கள்.

உதடு மட்டும் பிளந்திருந்தால் பல பிள்ளைகள் முலையிலேயே குடிப்பார்கள், தாயின் மார்புச் சதையே அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும். மேலண்ணமும் பிளந்திருந்தால்தான் சிரமம், வாய்க்குள் காற்று இறுகாது, உறிஞ்ச வராது. அப்போது பாலைக் கையால் எடுத்து, அமத்தினால் பால் வரக்கூடிய மென்மையான போத்தலிலோ சின்னக் கரண்டியிலோ கொடுக்கவேண்டும். பிள்ளையைப் படுக்கவைக்காமல், ஏறக்குறைய இருக்கிற மாதிரி நிமிர்த்திப் பிடித்து, பிளவு இல்லாத பக்கத்துக் கன்னத்தை நோக்கி, பிள்ளை விழுங்கும் வேகத்துக்கு அமத்துங்கள். மூக்கால் பால் வரும். முதல்முறை பார்க்கிறபோது நெஞ்சு பதறும், ஆனால் மூச்சு அடைத்துவிட்டது என்று நினைக்கவேண்டியதில்லை. நிறுத்தி, துடைத்து, தும்மவிட்டு, திரும்பத் தொடங்குங்கள். காற்றும் சேர்த்து விழுங்குவதால் அடிக்கடி தோளில் போட்டு ஏவறை எடுக்கவேண்டும். பிறக்க முன்னமே ஒரு தாதியிடம் இதைக் காட்டித்தரச் சொல்லிக் கேளுங்கள்.

இந்தப் பிளவு ஏறக்குறைய 700 பிறப்பில் ஒன்றுக்கு வருவது. உதட்டை 3 முதல் 6 மாதத்துக்குள்ளும் அண்ணத்தை ஒரு வயதை ஒட்டியும் தைப்பார்கள். பிறகு காதையும் பேச்சையும் கவனிக்கவேண்டும், அது சில வருட வேலை.

வளைபாதமும் இப்படித்தான், திருத்தலாம். பிறந்த சில வாரத்தில் தொடங்கி, கிழமைக்கொருமுறை பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தொடைவரை பிளாஸ்டர் போடுவார்கள், பிறகு சிறிய சப்பாத்து மாட்டவேண்டும். நாலு வயதுவரை இரவில் அந்தச் சப்பாத்தை விடாமல் போடுகிற வீட்டில்தான் பாதம் திரும்ப வளையாமல் இருக்கும். “நல்லாத்தானே நடக்கிறான்” என்று நிறுத்தினால் திரும்ப வந்துவிடும்.

இதயத்தில் குறை. யாழ்ப்பாணத்திலேயே பிரசவம் பார்க்கலாமா?

குறையின் வகையைப் பொறுத்தது. சின்ன ஓட்டைகள் பல தானாகவே மூடுபவை, அதற்காக யாழ் போதனா வைத்தியசாலையை விட்டு வேறெங்கும் போகவேண்டியதில்லை. ஆனால் இரண்டு பெரிய இரத்தக் குழாய்கள் இடம்மாறியிருப்பது போன்ற சில குறைகளுக்குப் பிறந்த உடனேயே மருந்தும், சில நாளில் அல்லது கிழமைக்குள் சத்திரசிகிச்சையும் வேண்டும். கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரம். பிறந்த பிள்ளையை அம்புலன்சில் அவ்வளவு தூரம் கொண்டுபோவதைவிட, வயிற்றில் வைத்துக்கொண்டு தாய் முன்னமே போய்ச்சேர்வது பிள்ளைக்குப் பாதுகாப்பு.

எனவே 28 வாரமளவிலேயே மகப்பேற்று நிபுணரையும் குழந்தை நல நிபுணரையும் கேட்டு எங்கே, எப்போது என்று எழுத்தில் முடிவுசெய்யுங்கள். கொழும்பில் யார் வீட்டில் தங்குவது, மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, தகப்பனுக்கு லீவு, சிங்களம் கதைக்கத் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்வது, இவையெல்லாம் சின்ன விசயங்கள் அல்ல. வாட்டுக்குள் டொக்டர் சொல்வது விளங்காமல் தலையாட்டிவிட்டு வருவது பெரிய கொடுமை, விளங்கவில்லை என்று சொல்லித் தமிழில் சொல்லித்தரச் சொல்லுங்கள்.

கருவைக் கலைக்கலாமா?

இதைக் கேட்டதற்காக நான் யாரையும் தாழ்வாக நினைத்ததில்லை, நீங்களும் உங்களை அப்படி நினைக்கவேண்டாம்.

இலங்கையில் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைதான் இன்றும் இருக்கிறது. அதன் 303 ஆம் பிரிவின்படி தாயின் உயிரைக் காப்பதற்காக மட்டுமே கலைக்கலாம். பிள்ளை பிழைக்கவே பிழைக்காது என்று உறுதியானாலும் அது விலக்கு அல்ல. கலைப்பவருக்கும் தாய்க்கும் சிறைத்தண்டனை இருக்கிறது. இந்தச் சட்டம் பிழைக்காத பிள்ளையைச் சுமக்கும் தாய்மாருக்குக் கொடுமையானது என்பது என் கருத்து, அதை நான் மறைப்பதில்லை. ஆனால் சட்டம் இதுதான்.

சிலர் இந்தியாவுக்குப் போவதைப் பற்றிக் கேட்பார்கள். அங்கே 2021 இல் திருத்திய சட்டத்தின்படி, பிள்ளைக்குப் பாரிய குறை இருப்பதாக மருத்துவக் குழு முடிவுசெய்தால் 24 வாரத்துக்குப் பிறகும் அனுமதி உண்டு. லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற சொந்தங்கள் அந்த நாட்டுச் சட்டத்தை வைத்துக்கொண்டு “இன்னும் ஏன் வைச்சிருக்கிறியள்” என்று போனில் கேட்பதும் நடக்கிறது. அவர்கள் அன்பில்தான் கேட்கிறார்கள், ஆனால் உங்கள் இடத்தில் அவர்கள் இல்லை. நீங்கள் கலைக்கவேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன், சுமக்கவேண்டும் என்றும் சொல்லமாட்டேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். களவாக மாத்திரை வாங்கிக் குடிப்பது, யாரோ சொன்ன வீட்டுக்குப் போவது வேண்டாம். அப்படி ஏதும் நடந்து இரத்தம் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, பொலிசுக்குப் பயந்து வீட்டில் கிடக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990 க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

பிள்ளை பிறந்தாலும் இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். மிச்ச மாதங்களை எப்படிக் கடத்துவது?

மண்டை ஓடும் மூளையின் பெரும்பகுதியும் உருவாகாத பிள்ளைகள், இரண்டு சிறுநீரகமும் இல்லாத பிள்ளைகள், இவர்களுக்கு வெளியே ஆயுள் சில நிமிடம், சில மணி, மிஞ்சினால் சில நாள். வயிற்றுக்குள் துடிப்பார்கள், உதைப்பார்கள். கடையில் யாரோ “எத்தனை மாசம்?” என்று கேட்பார்கள். அதற்கு உண்மையைச் சொல்லவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, “ஆறு மாசம்” என்று சொல்லிவிட்டு நடங்கள்.

பிரசவத்துக்கு முன்னமே குழந்தை நல நிபுணரோடு கதையுங்கள்: பிறந்ததும் குழாய், மெஷின் போடுவதா, அல்லது வலியில்லாமல் சூடாகத் தாயின் நெஞ்சில் கிடக்கவிடுவதா என்று. கிறிஸ்தவர்கள் ஞானஸ்நானம் கொடுக்க விரும்பினால் அதையும் முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். உயிரோடு பிறந்து பிறகு இறந்தால் பிறப்பையும் இறப்பையும் இரண்டையும் பதியவேண்டும், தகப்பனோ மாமாவோ அதற்கு ஆயத்தமாக இருக்கட்டும்.

எங்கள் பக்கத்தில் “தாய்க்குக் காட்டாதேங்கோ, கண்டால் மறக்கமாட்டாள்” என்று சொல்லி, ஆண்கள் பிள்ளையைக் கொண்டுபோய்த் தாட்டுவிட்டு வந்துவிடுவார்கள். காணாவிட்டாலும் அவள் மறக்கப்போவதில்லை. அவளிடம் கேளுங்கள். பார்க்கவேண்டும் என்றால் காட்டுங்கள், தூக்கக் கொடுங்கள், வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். பெயர் வைக்க விரும்பினால் வைக்கட்டும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: பிள்ளை போய் இரண்டு மூன்று நாளில் பால் சுரக்கும். வீட்டுக்கு வந்து, எல்லோரும் தூங்கிய பிறகு, சட்டை நனைந்துபோய் ஒரு தாய் தனியே உட்கார்ந்திருப்பாள். நன்றாகத் தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை, குளிர் ஒத்தடம், தாங்கமுடியாத அளவு கட்டினால் நோவு குறையும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் எடுத்துவிடுவது, இவை போதும், சில நாளில் வற்றும். சிவந்து காய்ச்சல் வந்தால் டொக்டரிடம் போங்கள். சுரப்பை நிறுத்த மருந்தும் உண்டு, வாட்டை விட்டு வரமுன் கேளுங்கள்.

மாமிக்கும் ஊருக்கும் என்ன சொல்கிறது?

ஊருக்கு ஒன்றும் சொல்லத் தேவையில்லை. மாமிக்குச் சொல்லுங்கள், ஆனால் மருமகள் அல்ல, மகன் சொல்லவேண்டும். ஆள் மாறினால் அது குற்ற ஒப்புதல் போல ஆகிவிடுகிறது. உங்கள் பகுதி மிட்வைப்பையும் கூட இருக்கச் சொல்லலாம், வீட்டுக்கு வந்துபோகும் அவர் சொன்னால் பெரியவர்கள் கேட்பார்கள். அப்பம்மாமார் முதலில் கத்தி அழுதாலும், பிளவோடு பிறந்த பிள்ளைக்கு இரவிரவாகக் கரண்டியால் பால் பருக்கியதும் அவர்கள்தான்.

இவர் ஒன்றும் கதைக்கிறாரில்லை. அவருக்குக் கவலையே இல்லையா?

இருக்கும். எங்கள் ஆண்களுக்கு அழ இடம் இல்லை. வேலைக்குப் போய்விட்டுப் பிந்தி வருவது, போனைப் பார்த்துக்கொண்டே இருப்பது, சிலரிடம் குடி, இதெல்லாம் அந்தக் கவலைதான். அடுத்த சந்திப்புக்கு அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கேள்வி கேட்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். உங்கள் இருவரில் யாருக்காவது நித்திரை இல்லாமல், சாப்பாடு இறங்காமல், செத்துவிடலாம் போல நினைப்பு வந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம். பக்கத்து ஆஸ்பத்திரிக்கும் நேரே போகலாம்.

நேர்த்தி வைக்கலாமா?

வையுங்கள். நல்லூரோ மடுவோ, உங்கள் மனம் எங்கே ஆறுதலடைகிறதோ அங்கே. கிளினிக் நாளை மட்டும் விடவேண்டாம், கர்ப்பிணி நீண்ட விரதம் இருக்கவும் வேண்டாம்.

அடுத்த பிள்ளைக்கும் வருமா?

பெரும்பாலான குறைகளில் திரும்ப வரும் வாய்ப்பு நூறில் இரண்டு முதல் ஐந்துக்குள். ஆனால் தாயும் தகப்பனும் ஒரே பழுதான மரபணுவைச் சுமக்கும் நோய்களில் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒன்று. அதனால்தான் இந்தப் பிள்ளைக்கு என்ன என்று உறுதியாகத் தெரிந்துகொள்வது முக்கியம். பிள்ளை இறந்தால்கூட இரத்தம் எடுத்தோ, உடலைப் பார்த்தோ காரணம் தேட டொக்டர் கேட்டால், யோசித்துப் பார்த்து விருப்பமென்றால் சம்மதியுங்கள்.

முள்ளந்தண்டு அல்லது மூளைக் குழாய் மூடாத பிள்ளை ஒன்று பிறந்திருந்தால், அடுத்தமுறை சாதாரண போலிக் அமிலக் குளிசை போதாது. மற்றவர்களுக்கு நாளுக்கு 400 மைக்ரோகிராம் என்றால் உங்களுக்கு அதைவிடப் பத்து மடங்குக்குக் குறையாமல், 4 அல்லது 5 மில்லிகிராம் எழுதித்தருவார்கள். பிள்ளை தங்கிய பிறகு தொடங்கினால் பிந்திவிடும். தங்குவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னமே தொடங்கி, முதல் மூன்று மாதம் முடியும்வரை குடிக்கவேண்டும். ஆகவே அடுத்த பிள்ளையைப் பற்றி யோசிக்கிற அன்றைக்கே மிட்வைப்பிடம் போங்கள், பழைய கிளினிக் கொப்பியையும் ஸ்கான் ரிப்போட்டையும் கொண்டுபோக மறக்காதீர்கள்.